71 ஆயிரத்தில் தேய்ந்த கிளட்சும் காட்பாடி மேம்பாலமும்

மூன்று வருஷம் முன்னால் ஒரு மே மாதம். வேலூர் வெயில் தாங்காமல் வீட்டோடு ஏலகிரிக்குக் கிளம்பினோம். சின்ன பெட்ரோல் கார், உள்ளே ஐந்து பேர், டிக்கியில் இரண்டு நாள் துணிமணி, ஏசி முழு வேகத்தில். பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அம்மா வழக்கம்போல வளைவுப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருப்பார்கள், தெரியும்தானே. பாதி மலையில் ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. நிறுத்தினேன். பஸ் போய் முடிக்கிற வரைக்கும் வண்டி பின்னால் நகராமல் கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் வைத்தே பிடித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஒரு கருகல் வாடை. அம்மா, "யாரோ குப்பை கொளுத்துறாங்க, கண்ணாடிய ஏத்துப்பா" என்றார். ஏற்றினேன். அவ்வளவுதான் அன்றைக்கு என் ஞானம்.

அது குப்பை இல்லை என்று திரும்பி வரும்போது தெரிந்தது. ஆம்பூரில் பிரியாணி முடித்துவிட்டு பள்ளிகொண்டா பக்கமாக வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு டேங்கர் லாரி. தாண்டலாம் என்று ஐந்தாவது கியரிலேயே மிதித்தேன். இன்ஜின் சத்தம் விர்ரென்று ஏறியது, ஆர்பிஎம் முள்ளும் ஏறியது, வேக முள் மட்டும் 80-லேயே உட்கார்ந்துவிட்டது. காலை எடுத்தேன், மறுபடி மிதித்தேன், அதே கதை. பின்சீட்டில் இருந்த அக்கா பையன், "மாமா, கிளட்ச் ஸ்லிப் ஆவுது" என்றான், அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது என்று. அப்போது அவனுக்கு லைசென்ஸ் கிடைத்து நாலு மாதம். ஓடோமீட்டரில் 71,340.

எனக்கு வந்த முதல் நினைப்பு, இவன்தான் என் கிளட்சைத் தின்றுவிட்டான் என்பது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில்தான் விருதம்பட்டு பக்கம் ஓட்டிப் பழகினான். வாயை அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. "கத்துக்கிறேன்னு சொல்லி என் வண்டிய முடிச்சிட்டியேடா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அக்கா முகம் சுருங்கிப்போனது. வீடு வந்து சேருகிற வரை வண்டியில் யாரும் பேசவில்லை, ஏசி சத்தம்தான்.

மறுநாளிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: கம்பெனியில் போட்டு வந்த கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? கூட வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் கொசப்பேட்டைக்காரர், லாங்கு பஜாரும் காந்தி ரோடும்தான் அவர் உலகம், "40 ஆயிரத்துல மாத்தினேன், அவ்ளோதான் அதோட ஆயுசு" என்றார். காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் சிரித்தார். இரண்டு லட்சம் தாண்டி அதே கிளட்சில் ஓடுகிறாராம். சென்னை ஏர்போர்ட், திருப்பதி, பெங்களூரு என்று எல்லாமே நீளமான சவாரி. ஆரணியில் இருக்கும் என் மாமனாரிடமும் கேட்டேன். அவரிடம் இருப்பது என் வண்டியேதான், அதே மாடல், நான் வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால் வாங்கியது. பட்டுச் சேலை வியாபாரம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது காஞ்சிபுரம் இல்லையென்றால் சென்னை. "1,62,000 மாப்ள, இன்னும் கையே வெக்கல" என்றார். அதில் ஒரு பெருமையும் இருந்தது, மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்ற பொருளும் இருந்தது.

எல்லாம் அதே பாகம்தான். ஒருவருக்கு 40 ஆயிரம், எனக்கு 71 ஆயிரம், மாமனாருக்கு 1,62,000-ஐத் தாண்டியும் ஓடுகிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கான 60 ஆயிரம் முதல் ஒன்றரை லட்சம் வரை என்பது தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு உங்கள் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கேள்வியே தப்பு என்று எனக்குப் புரிய அந்தப் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியிருக்கிறீர்களா? கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே ஓடி, நம் வேகமும் பஸ் வேகமும் ஒன்றானதும் படியில் கால் வைப்போம். செருப்பு தேய்வது அந்த நாலு எட்டில்தான். ஏறி உட்கார்ந்துவிட்டால் பஸ் சென்னை வரை போனாலும் செருப்புக்கு ஒன்றும் ஆகாது. கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான். இன்ஜினோடு சேர்ந்து ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை விடும்போது பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டை அதோடு சேர்த்து அழுத்தும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வருகிற வரை உரசல், வந்த பிறகு ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், அப்போது தேய்மானம் என்பதே கிடையாது. அந்த உரசலுக்காகப் பிளேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் லைனிங்கில், ரிவெட் தலை வரைக்கும் தேய இருக்கிற இடம் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று ஓடுகிறது. ஆக, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அந்தப் பிளேட்டுக்குத் தெரியாது. எத்தனை தடவை உரசினோம், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் உரசினோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். ஸ்லிப் ஆகிறது என்றதும் பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் முதலில் கம்பெனி சர்வீசுக்குப் போனேன். ஓட்டிப் பார்த்தார்கள், முழு செட்டும் மாற்ற வேண்டும், 13,800 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரண்டியில் வருமா என்று கேட்டதற்கு, தேய்கிற பொருளுக்கு அதெல்லாம் கிடையாது என்றார்கள், அது நியாயம்தான். அப்புறம் காட்பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், சித்தூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியை எடுக்கவே இல்லை. பானட்டைத் தூக்கி கிளட்ச் கேபிளைத்தான் முதலில் பார்த்தார். கேபிள் வைத்த வண்டிகளில் பெடலுக்கு ஒரு விரற்கடையாவது ஃப்ரீ பிளே இருக்க வேண்டும், அதாவது லேசாக அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். சுத்தமாக இல்லாமல் போனால் நீங்கள் பெடலை மிதிக்காமலேயே கிளட்ச் பாதி மிதித்த மாதிரி நிற்கும். நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். நட்டைத் திருகி அட்ஜஸ்ட் பண்ண ஐந்து நிமிஷம், செலவு ஒரு டீ. அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் இரண்டாவது கேள்வி கேளுங்கள்.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேபிளில் அட்ஜஸ்ட்மென்ட் கடைசி மரை வரை ஏற்கெனவே திருகியிருந்தது. அதற்கப்புறம்தான் பாய் ஒரு சோதனை செய்தார். வெட்டவெளியில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடமாகப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, நாலாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அப்படியே ஆஃப் ஆகிவிடும். என் வண்டி ஆஃப் ஆகவில்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்திவிட்டார். இதை ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் கருகிவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஸ்லிப் ஆனால் வாங்கக் கூடாது என்பதில்லை, ஒரு கிளட்ச் செட்டும் லேபரும் எவ்வளவோ அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

பின்னோக்கி யோசித்தால், வண்டி எனக்கு ஆறேழு மாதமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெடலை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகர ஆரம்பிக்கும், முன்பெல்லாம் பாதியிலேயே நகரும். பெடலும் கொஞ்சம் கனத்திருந்தது, தேயத் தேய அப்படி ஆவது சகஜமாம், எனக்கு இடது முழங்காலில் வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்லிப் எப்போதும் பெரிய கியரில், பாரத்தோடு மிதிக்கும்போதுதான் முதலில் தெரியும். ஊருக்குள் முதல் கியர், இரண்டாவது கியரில் திரிந்தால் தெரியவே தெரியாது. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் கிளட்ச், அதாவது ஹைட்ராலிக் கிளட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: தேய்மானத்துக்கு ஏற்றபடி அது தானே சரி பண்ணிக்கொள்வதால் பெடல் உயரத்தில் பெரிய வித்தியாசம் காட்டாது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் மிதித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்கு வழி.

பாயிடம் வேலையைக் கொடுத்தேன். காசு விஷயத்தில் ஒரு பழைய காயம் எனக்கு உண்டு. இதற்கு முன் வைத்திருந்த செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு வேறொரு ஷெட்டில் கிளட்ச் மாற்றியபோது, "பிளேட் மட்டும் போதும், பேரிங்லாம் நல்லா இருக்குது" என்றார்கள். ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். நாலாவது மாதம் பெடலை மிதித்தாலே கிர்ர்ர் என்று சத்தம். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி விலக்குகிற ரிலீஸ் பேரிங் போய்விட்டது. பேரிங் விலை சின்னதுதான், ஆனால் அதை மாற்ற ஆக்ஸிலைக் கழற்றி, கியர் ஆயிலை இறக்கி, கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும், முதல் தடவை செய்த அதே வேலை, அதே லேபர், மறுபடியும். அதனால் இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக, கேபிளும் புதுசு, கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள் என்று. அந்த சீலைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். அதிலிருந்து ஆயில் கசிந்து லைனிங்கில் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும், 300 ரூபாய் சாமானால் மறுபடி முழு வேலை.

செட் 4,900, கேபிள் 450, சீல் 300, கியர் ஆயில் 800, லேபர் 2,200. மொத்தம் 8,650. பில்லோடு, பழைய பாகங்களையும் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டேன். சாமான் விஷயத்தில் ஒன்று: நம் பக்கத்து ஓசூரிலேயே கிளட்ச் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது, பெயருள்ள கம்பெனி செட்டுகள் வெளிக் கடைகளிலேயே நியாயமான விலைக்குக் கிடைக்கும், பிரிக்காத பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அது போதும். என்னுடையது சின்ன பெட்ரோல் வண்டி என்பதால் இந்தத் தொகை. சில டீசல் வண்டிகளில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்று ஸ்பிரிங் வைத்த ஒன்று இருக்கும். அதையும் சேர்த்து மாற்ற நேர்ந்தால் இந்தத் தொகை பல மடங்கு ஆகிவிடும். அந்த வண்டிக்காரர்கள் நான் சொல்வதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பாய் போன் பண்ணினார், "சார், வந்து பாருங்க" என்று. பழைய பிளேட் தரையில் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. ரிவெட் தலையும் லைனிங்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் ரிவெட் ஃப்ளைவீலைக் கோடு போட ஆரம்பித்திருக்கும். ஃப்ளைவீலைக் காட்டினார், அதில் அங்கங்கே நீலம் பாரித்த திட்டுகள். இரும்பு நன்றாகச் சூடேறி ஆறினால் வருமே, அந்த நிறம். நல்லவேளை எமெரி போட்டுத் தேய்த்ததோடு சரியாகிவிட்டது, லேத்துக்கு அனுப்ப வேண்டி வரவில்லை.

நான் உடனே, "அக்கா பையன் கத்துக்கினான் பாய், அதான்" என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "பையன் மேல பழி போடாதீங்க சார். கத்துக்கிறவன் டபக்குனு வுடுவான், வண்டி குலுங்கி ஆஃப் ஆயிடும், அத்தோட சரி. இது அப்படி இல்ல. இது ஒரே எடத்துல புடிச்சி வெச்சி வெச்சி எரிச்சது. தெனம் எரிச்சிருக்கணும். யாரு சார் தெனம் ஓட்றது?"

தினம் ஓட்டுவது நான்தான்.

சாயந்திரம் வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்க்கலாம் என்று பாயும் கூட ஏறிக்கொண்டார். வேண்டுமென்றே காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் மேல் விடச் சொன்னார். அந்த நேரத்தில் அந்தப் பாலம் எப்படியிருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சித்தூர் லாரி, டவுன் பஸ், ஸ்கூல் வேன், நடுவில் நுழையும் ஆட்டோ, ஏற்றத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நின்று நின்று ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் பஸ் நின்றது. நானும் நின்றேன். என் கால்கள் அவை பாட்டுக்கு வேலையைப் பார்த்தன: இடது கால் கிளட்சில் பாதி, வலது கால் ஆக்சிலேட்டரில் கொஞ்சம், வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் தராசு மாதிரி நின்றது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. இருபது வருஷமாக ஓட்டுகிறவன், ஹேண்ட்பிரேக் எல்லாம் எல் போர்டுக்காரர்களுக்கு என்று நினைப்பேன்.

பாய் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். "கால எடுங்க சார். ரெண்டு காலயும். இதான் உங்க வியாதி."

தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். காந்தி நகரில் வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, ஏற்றத்தில் தடவைக்கு இரண்டு நிமிஷமாவது இப்படித் தராசு பிடித்திருப்பேன். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் நாலு எட்டோடு ஏறிக்கொள்கிறான், நான் இரண்டு நிமிஷம் கம்பியைப் பிடித்தபடி செருப்பை ரோட்டில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஆறு வருஷம்.

அந்த வாரமே ஒரு வேலை செய்தேன். அக்கா பையனை வரவழைத்து (அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் அதுதான் சாக்கு) பக்கத்தில் உட்காரவைத்து, நான் எத்தனை தடவை கிளட்சை மிதிக்கிறேன் என்று எண்ணச் சொன்னேன். காலை நேரத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை 74 தடவை. ஐந்து கிலோமீட்டருக்கு. அம்மாவை சிஎம்சி-க்கு மாதாந்திர செக்கப்புக்கு அழைத்துப்போன அன்று, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் வழியாக ஆஸ்பத்திரி வாசல் சேர்வதற்குள் நூறு தாண்டிவிட்டது, அதற்கு மேல் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். பிறகு ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது வாலாஜா சுங்கச்சாவடி தாண்டியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எண்ணியதில் ஒற்றை இலக்கம், ஒன்பது. மாமனார் பெருமைக்கும் என் கிளட்ச் சாவுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த மூன்று எண்களில் இருக்கிறது. அவர் நன்றாக ஓட்டுகிறார் என்பதைவிட அவர் ரோடு நன்றாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொன்றைப் பையன்தான் கண்டுபிடித்தான். எங்கள் வீடு ரோட்டிலிருந்து மூன்றடி உயரம், மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று தூக்கிக் கட்டியது. ரோட்டிலிருந்து போர்ட்டிகோவுக்கு மேஸ்திரி போட்ட சாய்வு செங்குத்து. நான் தினம் சாயந்திரம் வண்டியை ரிவர்ஸில் அந்தச் சாய்வில் ஏற்றுவேன், காலையில் நேராக இறக்கிக் கிளம்பலாம் என்ற சௌகரியத்துக்காக. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி, அதனால் அங்குலம் அங்குலமாக, முழுக்க ஹாஃப் கிளட்சிலேயே. வெயில் நாளில் ஏற்றி முடித்ததும் லேசாக வாடை வரும், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஏதோ தீய வைத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறேன், பாவம். "மாமா, நேரா ஏத்துங்க, காலைல ரிவர்ஸ்ல எறக்குங்க. எறங்கறதுக்குக் கிளட்ச் எதுக்கு, பிரேக் போதும்" என்றான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததாம். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் அவன் எப்போதும் நிற்பான் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். என் கிளட்சைத் தின்றதாக நான் சொன்ன ஆள், அந்த வண்டியை ஓட்டியவர்களிலேயே ஒழுங்காக ஓட்டியவன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பாலத்தில் நின்றவுடன் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இரண்டு காலும் ஓய்வு. முன்வண்டி நகர்ந்ததும் முதல் கியர், கிளட்சை மெதுவாக விடும்போது இன்ஜின் சத்தம் லேசாக இறங்கி வண்டியின் மூக்கு கொஞ்சம் எழும்பும், அந்த இடத்தில் ஆக்சிலேட்டரைத் தொட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. முதல் வாரம் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். புது வண்டிகளில் ஹில் ஹோல்டு என்று இருக்கிறது, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வினாடி வண்டியைப் பிடித்துவைக்கும், அது இருந்தால் இன்னும் சுலபம். ஓடும்போது இடது காலைப் பெடல் மேல் சும்மா வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டேன். கால் கனத்திலேயே கிளட்ச் லேசாக விலகும், பேரிங்கும் சும்மா சும்மா சுற்றும். சிக்னலில் கியர் போட்டுக் கிளட்சை முழுசாக அழுத்தியபடி காத்திருந்தால் பிளேட் தேயாது, ஆனால் ரிலீஸ் பேரிங் தேயும், கியர்பாக்ஸ் இறக்குகிற லேபர் அதற்கும் அதேதான். இரண்டாவது கியரில் கிளம்புவது கூடவே கூடாது. மைலேஜ் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு அதையும் கொஞ்ச காலம் செய்தவன் நான்.

எதிர்வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம வண்டி ஆட்டோ கியர், கிளட்சே இல்ல" என்றார். இருக்கிறது. அவருடையது ஏஎம்டி என்கிற வகை, அதில் பெடல்தான் இல்லை, உள்ளே இதே பிளேட், இதே லைனிங், காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் வைத்து வண்டியை நிறுத்தினால் அங்கேயும் இதே கருகல்தான். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் ஏலகிரி போனால் கிளட்ச் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். போன வருஷம் மறுபடி போனோம், அதே ஐந்து பேர், அதே பாரம். இரண்டாவது கியரில் கிளட்ச் மேலிருந்து காலை எடுத்துவிட்டு ஏறினால் அதற்கு அங்கே வேலையே இல்லை, வளைவில் முதல் கியருக்கு மாற்ற நேர்ந்தால் சட்டென்று மாற்றிவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். எதிரே பஸ் வந்தபோது ஹேண்ட்பிரேக் போட்டு நின்றேன். வாடை வரவில்லை. அம்மா பலகை வாசித்தார்.

இன்றைக்கு ஓடோமீட்டர் 1,04,600. புதுக் கிளட்ச் 33 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதே பாலம், அதே கிரீன் சர்க்கிள். பெடல் இன்னும் போட்ட அன்று பிடித்த இடத்திலேயே பிடிக்கிறது, கேபிளை ஒரே ஒரு தடவைதான் அட்ஜஸ்ட் பண்ணியது. சாய்வை இடித்து நீளமாகக் கட்டலாமா என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். 22 ஆயிரம் என்றார். அந்தக் காசுக்கு இரண்டு கிளட்ச் போட்டுக்கொண்டு மீதியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, தினம் மூக்கை முன்னால் விட்டுத்தான் ஏற்றுகிறேன்.